ஏசி அறையில் ஆமைக்குச் சளி

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். நாங்கள் வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறோம். நாலு வருஷத்துக்கு முன்னால் வண்ண மீன் கடையில் மகனுக்காக ஒரு ஆமைக் குட்டி வாங்கினோம். பேர் புஜ்ஜி. இப்போது என் உள்ளங்கையை விடப் பெரிதாகிவிட்டாள். பத்து நாளாக எதுவும் சாப்பிடவில்லை. இரண்டு கண்ணும் வீங்கி மூடிக்கொண்டன. மூக்கில் குமிழி குமிழியாக வருகிறது. தண்ணீரில் ஒரு பக்கமாகச் சாய்ந்தே மிதக்கிறாள். வெயில் தாங்கமாட்டாள் என்று ஏப்ரலில் இருந்து தொட்டியை ஏசி அறையில்தான் வைத்திருக்கிறோம். சாப்பாடு கடையில் விற்கும் காய்ந்த இறால், சில நாள் சோறு. மாமியார் கண்ணில் விளக்கெண்ணெய் விடச் சொல்கிறார். நடுநடுவே "ஆமை புகுந்த வீடு உருப்படாது" என்றும் சொல்லிக்கொள்கிறார். கணவர் கோட்டை அகழியில் விட்டுவிடலாம் என்கிறார். மகன் அழுகிறான். இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தையும் இருக்கிறாள். வீட்டிலேயே என்ன செய்யலாம்? முன்னங்கால் நகம் வேறு நீளமாக வளர்ந்திருக்கிறது, வெட்டலாமா? படம் இணைத்திருக்கிறேன்.
— வாசகி, சத்துவாச்சாரி

பதில்: மூக்கில் குமிழியும் சாய்ந்து மிதப்பதும் சேர்ந்து வந்தால் அதை நிமோனியா என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் அம்மா. ஒரு பக்க நுரையீரலில் சளி கட்டினால் அந்தப் பக்கம் கனத்துத் தாழும். மறுபக்கம் மேலே தூக்கும். அதுதான் அந்தச் சாய்வு. நம்மைப் போல உதரவிதானம் ஆமைக்குக் கிடையாது. இருமிச் சளியை வெளியே தள்ளவும் அதற்குத் தெரியாது. ஆகவே "வீட்டிலேயே" என்று நீங்கள் கேட்டதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் டாக்டரிடம் போவதற்கு முன்பும் போய் வந்த பிறகும் நீங்கள் வீட்டில் செய்வதுதான் பாதி வைத்தியம். அதை விவரமாகவே சொல்கிறேன்.

இன்றைக்கே செய்ய வேண்டியது, புஜ்ஜியை ஏசி அறையை விட்டு வெளியே கொண்டுவருவது. ஊரே வேகும்போது ஆமைக்கும் ஏசி போட்ட உங்கள் மனசு புரிகிறது. ஆனால் ஆமை தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் பிராணி இல்லை. தண்ணீர் எவ்வளவு சூடோ, ஏறக்குறைய அவ்வளவுதான் அதன் உடம்பும். ஏசி அறையில் திறந்த தொட்டித் தண்ணீர் அறையை விடவும் கொஞ்சம் குளிர்ந்தே கிடக்கும். அந்தக் குளிரில் செரிமானம் மந்தமாகும், நோயை எதிர்க்கும் சக்தியும் படுத்துவிடும். நோய்ப்பட்ட ஆமைக்கு 28 முதல் 30 டிகிரி வரை வேண்டும். இந்த மாதத்தில் ஏசி இல்லாத உங்கள் கூடமே அதைத் தந்துவிடும், ஒரு ரூபாய் செலவில்லை. மீன் கடையில் கண்ணாடித் தெர்மாமீட்டர் மலிவாகக் கிடைக்கும். ஒன்று வாங்கிப் போடுங்கள். மார்கழியில்தான் ஹீட்டர் தேவைப்படும்.

சாய்ந்து மிதக்கிற ஆமையை ஆழமான தண்ணீரில் விட்டு வைக்கக் கூடாது. களைத்துப்போனால் மூழ்கிவிடும். அகலமான பிளாஸ்டிக் டப்பில் ஈரத்துண்டு விரித்து அதன் மேல் வையுங்கள். காலையிலும் மாலையிலும் அரை மணி நேரம், வெதுவெதுப்பான தண்ணீரைத் தாடை மட்டத்துக்கு மேல் போகாமல் ஊற்றி, அதில் உட்கார வையுங்கள். தண்ணீர் குடிப்பதும் கழிவு போவதும் அப்போதுதான். பக்கத்திலேயே இருங்கள், போனைப் பார்க்க எழுந்து போய்விடாதீர்கள்.

இனி டாக்டர். நம் பக்கத்துக் கால்நடை மருத்துவமனைகளில் வரிசையில் நிற்பது மாடும் ஆடும் நாயும்தான். ஆமை பார்த்துப் பழக்கம் உண்டா என்று முதலிலேயே போனில் கேட்டுவிடுங்கள். இல்லை என்றால் கூச்சப்படாமல் சென்னைக்குப் போங்கள். வேப்பேரியில் இருக்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி 1903ஆம் ஆண்டிலிருந்து இயங்குவது. அங்கே விசாரித்துவிட்டு, காட்பாடியில் காலை ரயில் ஏறினால் மாலை வீடு திரும்பிவிடலாம். வழியில் தண்ணீர் வேண்டாம். மூடியில் ஓட்டை போட்ட டப்பாவும் ஈரத்துண்டும் போதும். கிளம்புமுன் சமையல் தராசில் எடை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது.

நுரையீரலுக்கு எக்ஸ்ரே எடுப்பார்கள். ஆன்டிபயாடிக் பெரும்பாலும் ஊசியாகத்தான் இருக்கும், அதுவும் முன்னங்கால் பக்கம். பின்பக்கத்து ரத்தம் சிறுநீரகம் வழியாகத் திரும்பும் அமைப்பு ஆமைக்கு உண்டு என்பதால் இப்படி ஒரு வழக்கம். மருந்தைப் பொறுத்து இரண்டு மூன்று நாளுக்கு ஒரு ஊசி என்று சில வாரம் இழுக்கும். குமிழி நின்றுவிட்டது என்று நடுவில் நிறுத்தாதீர்கள்.

ஒரு பெயரை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: ஐவர்மெக்டின். மாட்டுக்கும் நாய்க்கும் உண்ணி, சொறி, பூச்சி எல்லாவற்றுக்கும் கைக்கெட்டும் மருந்து அது. ஆமைக்கு விஷம். நரம்பைத் தாக்கி, கைகால் செயலிழந்து, உயிரே போகும். யாராவது பழக்கதோஷத்தில் அதை எடுத்தால், "சார், ஆமைக்கு இது ஆகாது என்று படித்தேன்" என்று தைரியமாகச் சொல்லுங்கள். அதே போலக் குழந்தைக்கு வாங்கி வைத்த சளி சிரப், பாராசிட்டமால் எதையும் புஜ்ஜி பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

சரி, கண். விளக்கெண்ணெய் வேண்டாம், தாய்ப்பால் வேண்டாம், மஞ்சளும் வேண்டாம். மெடிக்கலில் கிடைக்கும் நார்மல் சலைனில் பஞ்சை நனைத்து இமைக்கு மேல் மெதுவாக ஒற்றி எடுங்கள். இமையைப் பிரித்துப் பார்க்காதீர்கள். கண்ணுக்குள்ளே தூசி விழுந்து வந்த வீக்கம் இல்லை இது. நாலு வருஷம் காய்ந்த இறாலும் சோறும் மட்டுமே தின்றதால் வைட்டமின் ஏ குறைந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அந்தச் சத்து குறைந்தால் கண்ணீர்ச் சுரப்பியின் உட்தோல் தடித்து அடைபடும், இமை உப்பும். மூச்சுக்குழாயின் உட்தோலும் அப்படியே கெடும், கிருமி சுலபமாக உள்ளே புகும். உங்கள் வீட்டில் கண்ணும் மூக்கும் ஒன்றாகக் கெட்டதற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும். குளிர் அதன் மேல் சேர்ந்துகொண்டது. வைட்டமின் ஏ தேவையா, எவ்வளவு என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். ஊசியாக அதிகம் போட்டால் தோல் உரிந்து வந்துவிடும், நீங்களாக வாங்கிப் போடுகிற சமாச்சாரம் இல்லை.

பத்து நாள் சாப்பிடவில்லை என்பதற்காக மட்டும் பதற வேண்டாம். கண் தெரியாத ஆமை சாப்பிடாது, உடம்பு குளிர்ந்த ஆமையும் சாப்பிடாது. வாயைத் திறந்து திணித்தால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். கண் திறந்த பிறகு தானாகக் கேட்கும். அப்போது தண்ணீருக்குள் வைத்துத்தான் கொடுக்க வேண்டும்; தண்ணீர் இல்லாமல் இந்த வகை ஆமையால் விழுங்க முடியாது. ஆமைக்கென்று விற்கும் பெல்லட் கொஞ்சம், முருங்கைக்கீரை, துருவிய கேரட், பரங்கிக்காய், சர்க்கரைவள்ளி, வாரம் ஒரு முறை சின்னத் துண்டு கோழி ஈரல். வளர்ந்த ஆமைக்குப் பாதிக்கு மேல் பச்சையாக இருக்கட்டும். சோறு, பிஸ்கட், பால் எதுவும் வேண்டாம். காய்ந்த இறால் எப்போதாவது ஒரு நாள் கொடுத்தால் போதும்.

அப்புறம் வெயில். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். சுண்ணாம்புச் சத்து ஓட்டில் சேர வைட்டமின் டி வேண்டும். அதற்கு நேரடி வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் வேண்டும். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும், ஆகவே ஜன்னலோரம் வைப்பதில் பயனில்லை. ஐரோப்பாவில் இதற்கென்று விலை கூடிய விளக்கு வாங்கி எரிக்கிறார்கள். நமக்கு மொட்டை மாடி இருக்கிறது. உடம்பு தேறிய பிறகு காலை எட்டு மணிக்கு மேல் ஒன்பதரைக்குள் ஒரு இருபது நிமிஷம், பிளாஸ்டிக் டப்பில் பாதி நிழல் பாதி வெயிலாக வையுங்கள். நிழல் இல்லாமல் வைக்கவே கூடாது. கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைப்பது கொதிக்கும் பாத்திரத்தில் போடுவதற்குச் சமம், கத்திரி நாளில் கொஞ்ச நேரத்திலேயே செத்துவிடும். மேலே வலை போடுங்கள், காக்கை விடாது.

தொட்டியில் ஏறி உடம்பைக் காயவைக்க ஒரு கல் மேடை வேண்டும். படத்தில் அது இல்லை. ஒரு ஃபில்டரும் போடுங்கள். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்து விட்டு ஊற்றுங்கள்.

படத்தில் பின்னணியில் சமையலறைத் தொட்டி தெரிகிறது. ஆமைத் தொட்டியை அங்கேதான் கழுவுகிறீர்களா? நிறுத்துங்கள். பார்க்க ஆரோக்கியமாக இருக்கும் ஆமையிடமும் சால்மொனெல்லா கிருமி இருக்கும். குழந்தைகளுக்கு இதனால் வயிற்றுப்போக்கு வந்ததால்தான் அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைக் குட்டிகளை விற்க 1975இல் தடை போட்டார்கள். வெளியே குழாயடியில் கழுவுங்கள். தொட்டவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். இரண்டு வயதுக் குழந்தை கிட்டே வர வேண்டாம். பையன் முத்தம் கொடுப்பதையும் நிறுத்துங்கள்.

அகழி விஷயத்தில் உங்கள் கணவரோடு எனக்குச் சண்டை. கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை இருப்பதால் இது சிவப்புக் காது ஆமை. சொந்த ஊர் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதி. உலகின் மிக மோசமான 100 ஊடுருவி உயிரினங்கள் என்று போட்ட பட்டியலில் இதற்கு இடம் உண்டு. நோயோடு விட்டால் புஜ்ஜி சாகும். தேறி விட்டால் நம் பாலாமைக்கும் காராமைக்கும் வேண்டிய இரையையும் வெயில் காயும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். அகழியில் அந்தக் காலத்தில் முதலை விட்டிருந்தார்கள் என்று சொல்வார்கள், அந்தக் கணக்கே போதும். வளர்க்க முடியாத நிலை வந்தால் பெரிய தொட்டி வைத்திருக்கும் ஒருவர் கையில் கொடுங்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும் பிராணி, யோசித்துச் செய்யுங்கள்.

இதைப் படிக்கும் வேறு யாராவது ஓட்டில் மஞ்சள் நட்சத்திரக் கோடு போட்ட தரை ஆமையை வீட்டில் வைத்திருந்தால், அது வேறு வழக்கு. நட்சத்திர ஆமை 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது, வளர்ப்பது குற்றம். வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

மாமியாரிடம் ஒரு வேலை கொடுங்கள்: முருங்கைக்கீரை ஆய்வது. மகனுக்கு ஒரு நோட்டு. தினம் தண்ணீர்ச் சூடு, வாரம் ஒரு முறை எடை, ஊசி போட்ட தேதி எல்லாம் அவன் எழுதட்டும். வாயைத் திறந்து, கழுத்தை நீட்டி மூச்சு வாங்குவதைப் பார்த்தால் அன்றே டாக்டரிடம் ஓட வேண்டும் என்பதையும் அவனிடம் சொல்லி வையுங்கள்.

நகத்தை வெட்டாதீர்கள். இந்த வகையில் முன்னங்கால் நகம் நீளமாக வளர்வது ஆணுக்கு. பெண்ணின் முகத்துக்கு எதிரே ஆட்டிக் காட்டத்தான் அது. வாலும் தடித்து நீண்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் புஜ்ஜி அவள் இல்லை, அவன்.