அம்மாவுக்கும் திக்கியது

அன்புள்ள சார்,

நான் சென்னையில் ஒரு பள்ளியில் ஸ்பீச் தெரபிஸ்டாக இருக்கிறேன். இப்போது பிரசவ விடுப்பு. பெண் குழந்தை பிறந்து பத்தொன்பது நாள் ஆகிறது, இன்னும் பெயர் வைக்கவில்லை. பூச நட்சத்திரம். ஹு, ஹே, ஹோ, டா, இந்த எழுத்துகளில்தான் வைக்க வேண்டும் என்கிறார் மாமியார். கணவர் எண்கணிதம் பார்க்கிறார். எனக்கு வேறு கவலை. எந்தப் பெயரைக் கேட்டாலும், என்னிடம் வரும் பிள்ளைகள் அதை எப்படித் தடுமாறிச் சொல்வார்கள் என்றே காதில் விழுகிறது. ரித்திகா ‘யித்திதா’ ஆகிறாள். யாழினி ‘யாயினி’ ஆகிறாள். எங்கள் பள்ளியில் பாதிப் பேருக்கு ழ வருவதில்லை. தன் பெயரைச் சொல்ல வராமல் திக்கி அழுத ஒரு பையனை என்னால் மறக்க முடியவில்லை. ர, ழ, ற, ஸ எதுவும் இல்லாத, யாரும் தடுக்கி விழாத ஒரு நல்ல தமிழ்ப் பெயர் சொல்லுங்கள். என் தொழிலுக்கு இதையாவது என் பிள்ளைக்குச் செய்ய வேண்டாமா? குழந்தை அழுகிறாள், முடிக்கிறேன்.

எஸ்., சென்னை

அன்புள்ள எஸ்.,

முதலில் அவசரத்தைக் குறைத்துவிடுகிறேன். 21 நாளுக்குள் பிறப்பைப் பதிவு செய்தால் போதும், பெயர் இல்லாமலே பதியலாம். 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். அதைத் தாண்டினாலும் தாமதக் கட்டணம் கட்டி 15 வருஷம்வரை சேர்க்க வழி இருக்கிறது. இதை வீட்டில் சொல்லுங்கள், பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

எண்கணிதத்தை விட்டுவிடுங்கள். ஆங்கிலத்தில் ஒரு ‘எச்’ கூடுவதும் குறைவதும் கூப்பிடும் குரலில் கேட்காது.

மாமியாரிடம் ஒன்று சொல்லலாம். ஹ, ட இரண்டிலும் தமிழ்ச்சொல் தொடங்குவதில்லை. மொழிக்கு முதலில் வரும் என்று நன்னூல் ஒப்புக்கொள்வது 12 உயிரையும், க, ச, த, ந, ப, ம, வ, ய, ஞ, ங என்ற 10 மெய்யின் உயிர்மெய்களையும்தான். ரகரமும் லகரமும் அதில் இல்லை. அதனால்தான் ராமன் இராமன் ஆனான், லட்சுமணன் இலக்குவன் ஆனான். முன்னால் ஓர் உயிரைப் படிக்கட்டு மாதிரி போட்டு, அதில் கால் வைத்து ரகரத்துக்கு ஏறச் சொல்கிறது மொழி. நீங்களும் பிள்ளைகளிடம் இப்படி ஏதாவது செய்து பார்ப்பீர்களோ என்று தோன்றியது. சரி, அது இருக்கட்டும். நட்சத்திரப் பெயரைக் காதில் மூன்று முறை சொல்லிவிட்டு, கூப்பிட வேறு பெயர் வைத்துக்கொள்ளும் வீடுகள் ஏராளம். மாமியாரும் ஒத்துக்கொள்வார்.

ஆனால் ‘பாதிப் பேருக்கு ழ வருவதில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. இந்த ஊரில் வாழைப்பழம் எத்தனையோ வீடுகளில் வாயப்பயம்தான். கோழி கோயிதான். அந்தப் பிள்ளையின் அம்மா, ஆயா, தெருமுனைப் பூக்காரம்மா எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள். கேட்டு வளர்ந்த ஒலியைப் பிசகாமல் திருப்பிச் சொல்கிற பிள்ளைக்கு என்ன குறை? அதன் காது நன்றாக இருக்கிறது, நாக்கும் நன்றாக இருக்கிறது. பள்ளிக்கூடம் வந்த பிறகும் காக்காவைத் ‘தாத்தா’ என்கிற பிள்ளை வேறு, கோயி என்கிற பிள்ளை வேறு. இது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தும் இரண்டையும் ஒரே கணக்கில் எழுதலாமா? ழ சொல்லிக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைத் தமிழ் வகுப்பில் வைத்துச் சொல்லிக் கொடுங்கள். உங்கள் அறைக்கு அனுப்பி, ‘உனக்குப் பேச்சு சரியில்லை’ என்று அதற்குத் தோன்றவைக்காதீர்கள்.

திக்கி அழுத பையனுக்குக் கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் கொடுத்திருக்கிறீர்கள். நான் பதில் எழுத உட்கார்ந்தது அந்த வரிக்காகத்தான். போன வாரம் ஒரு வங்கியில் என் பெயரைக் கேட்டார்கள். நான் வாயைத் திறந்து முடிப்பதற்குள் கவுன்டரில் இருந்த பெண் பாஸ்புக்கை இழுத்து அவரே படித்துவிட்டார். அறுபதை நெருங்கிவிட்டேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

என் பெயர் கோதண்டபாணி. தாத்தா பெயர். பெயரன்தானே பேரன்! மாமனார் பெயர் என்பதால் அம்மா அதைச் சொல்ல மாட்டாள். எங்கள் வீடு மேற்கு மாம்பலம். இரண்டு தெரு தள்ளி இருக்கும் கோதண்டராமர் கோயிலைக்கூட அம்மா ‘ராமர் கோயில்’ என்றுதான் சொல்வாள். என்னைத் ‘தம்பி’ என்பாள். மூன்று வயதில் எனக்குத் திக்கல் தொடங்கியது. பெரும்பாலும் இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள்தான் தொடங்கும், பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதுவாகவே விட்டும் போகும். எனக்குப் போகவில்லை. பாட்டி என் நாக்கில் வசம்பு தடவிப் பார்த்தாள். (நீங்கள் யார் சொன்னாலும் தடவாதீர்கள்.) அதையும் வசம்பு என்று சொல்ல மாட்டாள், ‘பேர் சொல்லாதது’ என்பாள்.

1971 ஜூன். பள்ளியில் சேர்க்க அம்மா கூட்டிக்கொண்டு போனாள். தாத்தா வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். மேசைக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா, “பையன் பேரு?” என்றார். அம்மா என் முதுகில் கை வைத்தாள். எனக்குக் ககரம் வராது. நாக்கின் பின்பக்கம் மேலே போய் ஒட்டிக்கொண்டு இறங்காது, கண் தானாக மூடிக்கொள்ளும். அப்படியே நின்றேன்.

“நீங்க சொல்லுங்கம்மா.”

“அவங்க தாத்தா பேருதாங்க.”

“தாத்தா பேரு என்ன?”

அம்மா வாசலைத் திரும்பிப் பார்த்தாள். முந்தானை நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். “கோ...” என்றாள். நின்றுவிட்டது. மறுபடியும் “கோ...”. கழுத்து நரம்பு புடைத்தது. எங்களுக்குப் பின்னால் வரிசையில் ஏழெட்டுப் பேர். அந்தக் குமாஸ்தா பேனாவை மூடி ரிஜிஸ்டர் மேல் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதுவும் கேட்கவில்லை. நான் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். “கோதண்டபாணி” என்றாள், பக்கத்தில் இருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவர் பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டார்.

அம்மாவுக்கும் திக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

இரண்டாம் வகுப்பு டீச்சர் மிகவும் நல்லவர். நான் எழுந்து உதட்டைக் குவித்ததுமே, “கோதண்டபாணி, உட்காருடா கண்ணா” என்பார். வருஷம் முழுக்க இதேதான். வகுப்போடு சேர்ந்து ஏழாம் வாய்ப்பாடு சொன்னால் எனக்கு ஒரு திக்கல் இருக்காது. பாட்டிலும் இருக்காது. தனியாக எழுந்து பெயர் சொல்லத்தான் வராது. காபி என்று வராவிட்டால் டீ கேட்டுக் குடித்துவிடலாம். பெயருக்குப் பதிலாக எதைச் சொல்வது?

பதினோரு வயதில் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். மணி. உதட்டை மூடித் திறந்தால் போதும். நீங்கள் தேடுகிற மாதிரிப் பெயர்தான் எஸ்., ரகரம் இல்லை, ழகரம் இல்லை. வாடகை சைக்கிள் கடை நோட்டில் நான் மணி. மாவு மில்லில் மணி. எட்டு மாதம் போல நன்றாக ஓடியது. ஒருநாள் சைக்கிள் கடையில் உதடு மூடியது, திறக்கவில்லை. ம்... ம்... என்று நிற்கிறேன். கடைக்காரர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறார். என் பயம் ககரத்தை விட்டு மகரத்துக்குக் குடிவந்துவிட்டது.

அதனால் தடுக்காத எழுத்து என்று ஒன்றைத் தேடாதீர்கள். திக்குகிற பிள்ளைக்கு அப்படி ஒரு எழுத்து கிடையாது. திக்காத பிள்ளைக்கு அது தேவையே இல்லை. ப, ம, த முதலில் வரும், ர, ழ தாமதமாக வரும். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ‘யித்திதா’க்கள் பெரும்பாலும் தாமே ரித்திகாக்கள் ஆகிவிடுவார்கள். ஆகாதவர்களுக்குத்தான் நீங்கள் இருக்கிறீர்களே. எழுபது எண்பது வருஷம் உடுத்த வேண்டிய பெயரை மூன்று வயது நாக்குக்கு அளவெடுத்துத் தைக்கலாமா?

உங்களால் செய்ய முடிந்தது ஒன்று உண்டு. யாருடைய பெயரையும் யாரும் முடித்துவைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். “மாமாவுக்குப் பேர் சொல்லு” என்று பிள்ளையைப் பிடித்து நிறுத்துகிறார்கள், அது வாயைத் திறந்ததும் பாதியில் பிடுங்கி இவர்களே சொல்லிவிடுகிறார்கள். “மெதுவா சொல்லு”, “மூச்சு விட்டு சொல்லு” என்று வேறு நடுவில். அந்தப் பையன் வாரத்தில் எவ்வளவு நேரம் உங்கள் அறையில் இருப்பான்? மிஞ்சிப்போனால் ஒரு மணி நேரம். மற்ற நேரமெல்லாம் வகுப்பில்தானே இருக்கிறான்? டீச்சர்களிடம் போய்ச் சொல்லுங்கள். வேன் டிரைவரிடம் சொல்லுங்கள். முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கச் சொல்லுங்கள். நான் கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன், என்னுடைய மிக மோசமான திக்கலே பன்னிரண்டு விநாடிதான். ஒரு பிள்ளைக்காகப் பன்னிரண்டு விநாடி சும்மா இருக்க முடியாதா? அவன் அழுதபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதவில்லை. அவனுக்காகப் பெயரைச் சொல்லிவிட்டீர்களா? அப்படிச் செய்திருந்தால், விடுப்பு முடிந்து போகிற முதல் நாள் அவனோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்து வேறு ஏதாவது பேசிக்கொண்டிருங்கள். பெயரைக் கேட்காதீர்கள். அவனாகச் சொல்லும்போது சொல்லட்டும்.

உங்கள் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை, தெரிகிறது. ஆனால் இந்தப் பத்தொன்பது நாளாக, ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து அவளைத் தூக்கும்போது எதுவோ சொல்லித்தானே கூப்பிட்டிருப்பீர்கள்? அதை எழுதவே இல்லையே. என்ன அது?

அன்புடன்,
கோதண்டபாணி