கால்நடை கேள்வி–பதில்: பன்றிக்குட்டிக்குப் புழுத்தூள்

கேள்வி: கருப்புப் படைவீரன் ஈயின் புழுக்களைக் காயவைத்து அரைத்து, பால் மறந்த பன்றிக்குட்டிகளுக்குச் சோயாப் புண்ணாக்குக்குப் பதிலாகப் போடுகிறோம். ஆய்வகத்தில் 42 சதவீதம் புரதம் என்றார்கள். அதனால் கிலோவுக்குக் கிலோ மாற்றினோம். கழிச்சல் நிற்கவில்லை, எடையும் ஏறவில்லை. எங்கே தவறு?

பதில்: அந்த 42தான் ஏமாற்றியது. ஆய்வகத்தில் நைட்ரஜனை அளந்து, அதைப் புரதமாகக் கணக்கிட 6.25ஆல் பெருக்குவார்கள். புழுத்தோலைக் கெட்டியாக்கும் கைட்டின் என்ற பொருளிலும் நைட்ரஜன் உண்டு. அது குட்டிக்குப் புரதமாகாது. இந்தப் புழுவுக்கு 4.76ஆல் பெருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் உங்கள் தூளில் இருப்பது ஏறக்குறைய 32 சதவீதம். 5 கிலோ புழுத்தூள் மூன்றரை கிலோ சோயாவுக்குத்தான் ஈடு. மீதி ஒன்றரை கிலோவை மக்காச்சோளத்தில் குறையுங்கள். புழுவில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு என்பதால் எரிசக்தி குறையாது.

கழிச்சலுக்கு நாங்கள் முதலில் சந்தேகிப்பது சுண்ணாம்பை. இந்தப் புழுவின் தோலில் கால்சியம் கார்பனேட் படிந்திருக்கும். தூளில் கால்சியமே 5 முதல் 8 சதவீதம் வரை போகும். பால் மறந்த குட்டியின் வயிற்றில் அமிலம் சுரப்பதே கொஞ்சம். அதையும் கார்பனேட் முறித்துவிட்டால் புரதம் செரிக்காது, கழிச்சல் உண்டாக்கும் ஈ.கோலை கிருமி பெருகும். கால்சியம் மிகுந்தால் துத்தநாகமும் உடம்பில் சேராது. தோல் தடித்துச் செதில் விடும். 100 கிலோ தீவனத்தில் 5 கிலோ புழுத்தூள் போட்டால், சுண்ணாம்புத் தூளில் சுமார் 800 கிராம் குறையுங்கள். அதையும் போட்டு இதையும் போட்டால் கழிச்சல் வராமல் என்ன செய்யும்? புழுத்தூள் தீவனத்தில் 5 சதவீதத்தைத் தாண்டவும் வேண்டாம். முதல் வாரம் 2 சதவீதம் போதும்.

புழு கருத்த பிறகு எடுத்தால் கைட்டினும் கால்சியமும் கூடிவிடும். நான்கைந்து புழு கருக்கத் தொடங்கியதும் மொத்தத்தையும் அறுவடை செய்யுங்கள். ஒருநாள் தீனியில்லாமல் விட்டால் குடல் காலியாகும். பிறகு கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டு வடித்து, 60 டிகிரியில் ஈரப்பதம் 10 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை உலர்த்துங்கள். கொதிநீர் காட்டாமல் வெயிலில் போட்டால் நொதிகள் வேலை செய்து புழு கருக்கும், கொழுப்பும் சிதைந்து காறல் வாடை வரும். குட்டி முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடும். தனியாக அரைத்தால் கொழுப்பு சல்லடையை அடைக்கும். மக்காச்சோளத்தோடு பாதிக்குப் பாதி கலந்து அரையுங்கள்.

கேள்வி: ஓட்டல் கழிவில் வளர்த்த புழுவைப் பன்றிக்குக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். கழிவில் பன்றி இறைச்சித் துண்டு இருந்தால் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வைரஸ் கூடவே வரலாம். இந்தியாவில் 2020இல் தலைகாட்டிய நோய். தடுப்பூசியை நம்பி இருக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் பன்றித் தீவனத்தில் பூச்சிப் புரதத்தை அனுமதித்தபோதும், சமையல் கழிவிலும் சாணத்திலும் வளர்த்த பூச்சிக்கு இடம் தரவில்லை. காய்கறிச் சந்தைக் கழிவும் தவிடும் போதும். உயிர்ப் புழுவை அப்படியே கொட்டவும் கூடாது.

கேள்வி: பட்டு நூற்பாலைக் கூட்டுப்புழு மலிவாகக் கிடைக்கிறது. அது?

பதில்: எண்ணெய் எடுத்த தூள் என்றால் வாங்குங்கள். எடுக்காததில் உள்ள கொழுப்பு சீக்கிரம் காறிப்போகும், வாடை இறைச்சியிலும் ஏறும். இதில் கால்சியம் சொற்பம். இங்கே சுண்ணாம்பைக் குறைக்காதீர்கள்.