கடையில் கிடைக்கும் மக்காவ், காட்டில் ஏன் குறைகிறது?

சென்னைப் பறவைக் கடைகளிலேயே மக்காவ் என்ற நீண்ட வால் பெருங்கிளி கிடைக்கிறதே, பிறகு எப்படி அழிகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கடையில் இருப்பவை பெரும்பாலும் கூண்டில் பொரித்த நீல-மஞ்சள் மக்காவ். அவற்றை வைத்துக் காட்டை எடைபோட முடியாது.

காட்டில் பெரிய தட்டுப்பாடு மரப்பொந்துக்குத்தான். பிரேசிலின் பான்டனல் சதுப்பு நிலத்தில், ஒரு மீட்டர் நீளமுள்ள ஹயசின்த் மக்காவின் கூடுகளில் பத்துக்கு ஒன்பது மண்டுவி மரத்தில்தான் இருக்கும். அந்த மரத்தில் இவ்வளவு பெரிய பொந்து விழ 60 ஆண்டாவது ஆகும். மேய்ச்சலுக்காக வெட்டினாலோ தீப்பிடித்தாலோ, இன்று கன்று நட்டு உடனே ஈடுகட்ட முடியாது. அதனால்தான் அங்கே மரப்பெட்டிக் கூடுகளைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். மண்டுவி விதையைப் பரப்புவது டூக்கான் பறவை. மக்காவ் முட்டையைத் தின்பதும் அதேதான்! இரண்டு முட்டையிட்டாலும் பெரும்பாலும் ஒரு குஞ்சுதான் தேறும். அதையும் திருடி விற்றால் இனம் எப்படி மீளும்?

ஸ்பிக்ஸ் மக்காவ் 2000-இல் காட்டிலிருந்து மறைந்தது. கூண்டில் பெருக்கியவற்றை 2022-இல்தான் பிரேசிலின் பாஹியா மாநிலத்தில் மீண்டும் பறக்கவிட்டார்கள்.

வாங்குவதானால், மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் அந்தப் பறவையைப் பதிந்த சான்றைக் கேளுங்கள். கால் வளையத்தையும் பாருங்கள்: இணைப்பில்லாத முழு வளையம் குஞ்சாக இருக்கும்போது மட்டுமே ஏறும்; அதனால் அது கூண்டில் பொரித்ததற்கு ஓர் அடையாளம். வெட்டி ஒட்டிய தடம் தெரிந்தால் வாங்காதீர்கள்.