நாலாவது படியில் கண் திறந்தவர்

அன்புள்ள சார்,

கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். மருத்துவ உளவியல் முடித்துவிட்டு பாலக்காட்டில் மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் வேலை செய்கிறேன். எங்கள் பக்கத்துத் தமிழர் ஒருவர், தென்னையில் கள் இறக்குபவர், போன வருடம் மரத்திலிருந்து விழுந்து பிழைத்தார். எலும்பெல்லாம் கூடிவிட்டது. ஆனால் மரத்தடிக்குப் போனாலே கை நடுங்குகிறது. ஹிப்னாடிச சிகிச்சைக்கு உட்காரவைத்து, பயிற்சியில் கொடுத்த உரையை அப்படியே சொன்னேன்: கைகளைத் தளர்த்தி விட்டுவிடுங்கள், பத்துப் படி கீழே இறங்குகிறீர்கள். நாலாவது படியில் கண்ணைத் திறந்து “வேண்டாங்க டீச்சரே” என்றுவிட்டார். இவருக்கு ஹிப்னாடிசம் எடுபடாதா? வேறு எந்த முறை நல்லது? என் குரலில் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அவருக்கு எடுபட்டிருக்கிறது, அதனால்தான் கண்ணைத் திறந்தார். மரத்திலிருந்து விழுந்த மனிதரிடம் கையை விடச் சொல்லிவிட்டு, கண்ணை மூடியபடி இறங்கவும் சொல்லியிருக்கிறீர்கள். சும்மா காதில் வாங்கிக்கொண்டிருப்பவர் என்றால் பத்துப் படியும் பேசாமல் இறங்கியிருப்பார். இவர் நிஜமாகவே இறங்கிப் பார்த்துவிட்டார். அந்த உரை ஆங்கிலத்திலிருந்து மலையாளத்துக்கும் அங்கிருந்து உங்கள் தமிழுக்கும் வந்திருக்கும். எழுதியவர் வீட்டில் மாடிப்படி இருந்திருக்கும்.

முறைகளைக் கேட்டதால் கொஞ்சம் பழங்கதை. பாரிஸில் மெஸ்மர் என்ற மருத்துவர், உடம்பில் ஓடும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சக்தியை ‘விலங்குக் காந்தம்’ என்று சொல்லி வைத்தியம் செய்துகொண்டிருந்தார். 1784இல் பதினாறாம் லூயி அமைத்த குழு அதைச் சோதித்தது. பெஞ்சமின் பிராங்க்ளினும் அதில் இருந்தார். அவர் தோட்டத்தில் ஒரு ஆப்ரிகாட் மரத்துக்கு மெஸ்மரின் சீடர் காந்தம் ஏற்றினார். 12 வயதுப் பையன் ஒருவனின் கண்ணைக் கட்டி, காந்தம் ஏற்றாத மரங்களாகப் பார்த்துக் கட்டிப்பிடிக்க வைத்தார்கள். பையன் நாலாவது மரத்தில் (அங்கேயும் நாலுதான்) மயங்கிவிட்டான். காந்தமும் இல்லை ஒன்றும் இல்லை, எல்லாம் கற்பனை என்று குழு முடித்தது. வெறும் கற்பனை ஒரு பையனை எப்படிச் சாய்த்தது என்ற கேள்வி அப்படியே நின்றது.

அதைக் கையில் எடுத்தவர் நம் கோவாக்காரர், பாதிரியார் ஃபாரியா. 1813இல் பாரிஸில் பேச ஆரம்பித்தவர், மயக்கம் மயக்குகிறவரிடமிருந்து வருவதில்லை, எதிரே உட்கார்ந்திருப்பவரின் மனத்திலிருந்துதான் வருகிறது என்றார். பனாஜியில் அவருக்கு வைத்திருக்கும் சிலையோ ஒரு பெண்மேல் கையை நீட்டி அவளைச் சாய்ப்பதுபோல நிற்கிறது! மான்செஸ்டர் சர்ஜன் ஜேம்ஸ் பிரெய்டு கையாண்டது இன்னும் எளிய வழி. தன் அறுவைக் கத்தி உறையை நோயாளியின் கண்ணிலிருந்து 8 முதல் 15 அங்குல தூரத்தில், நெற்றிக்கு மேலாகப் பிடித்து உற்றுப் பார்க்கச் சொன்னார். 1843இல் வந்த அவர் புத்தகத்தில் இது இருக்கிறது. மேல்நோக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தால் யாருக்கும் இமை களைக்கும். அந்த நேரத்தில் “இமை கனக்கிறது” என்றால், நடந்துகொண்டிருப்பதைத்தான் சொல்கிறீர்கள். அது சரியாக இருப்பதால் அடுத்து நீங்கள் சொல்வதையும் மனம் ஏற்றுக்கொள்கிறது.

கண்ணைப் பதிப்பது, தசையைத் தளர்த்துவது, எண்ணுவது என்று பெயர்கள் எத்தனை இருந்தாலும் வேலை இதுதான். அமெரிக்க மனநல மருத்துவர் மில்டன் எரிக்சன் இன்னும் ஒரு படி மேலே போனார். வந்தவர் கொண்டுவருவது எதுவோ, பிடிவாதமானாலும் சரி, அதையே எடுத்துப் பயன்படுத்து என்றார்.

உங்கள் ஆள் கொண்டுவந்திருப்பது அவருடைய பிடி. அதை ஏன் விடச் சொல்ல வேண்டும்? நானாக இருந்தால் நாற்காலிக் கையை நன்றாகப் பிடித்துக்கொள்ளச் சொல்வேன். கண்ணை மூடச் சொல்ல மாட்டேன், எதிர்ச் சுவரில் புருவத்துக்குச் சற்று மேலே ஒரு புள்ளி போதும். “கை பிடிச்சபடியே இருக்கட்டும். பாதம் ரெண்டும் தரையில இருக்கு. முதுகு சாஞ்சிருக்கு.” மூன்றும் அவரே சரிபார்த்துக்கொள்ளக்கூடிய உண்மைகள். அடுத்து, “தோள் கொஞ்சம் இறங்குது.” இதை அவர் மூச்சை வெளியே விடும்போது மட்டும் சொல்லுங்கள். கண் சிமிட்டுவது குறையும், எச்சில் விழுங்குவார், மூச்சு நெஞ்சிலிருந்து வயிற்றுக்குப் போகும். காகிதத்தைப் பார்த்துப் படிக்கிறவருக்கு இது எதுவும் கண்ணில் படாது. எழுதிவைத்த உரைகள்மேல் எனக்கு மரியாதை இல்லாததற்கு இதுவே காரணம்.

படிக்கட்டுக்குப் பதில் என்ன என்று அவரிடமே முன்கூட்டிக் கேளுங்கள். மனசு எதில் அடங்கும்? சோகநாசினி ஆற்றில் கழுத்தளவு தண்ணீரில் கிடப்பது என்பார், மாட்டைக் குளிப்பாட்டுவது என்பார். ஒருவேளை கள் ஊறுவதற்காகப் பாளை தட்டுவது என்றே சொல்லலாம். வருடக்கணக்காக ஒரே சீராகத் தட்டிய கை அது. அப்படிச் சொன்னால் நாற்காலியில் ஒரு விரலால் தட்டச் சொல்லி, மெல்ல மெல்ல வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். மரத்தைப் பற்றி நீங்களாக வாயெடுக்காதீர்கள். அது தானாக வந்தால் முகத்தில் தெரியும், உடனே பாதத்துக்கும் தரைக்கும் திரும்பிவிடுங்கள். மரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கிப் பழகுவது தனி வேலை. பயத்தைக் குறைக்கப் போவதும் அதுதான். ஹிப்னாடிசம் அதற்குத் துணை, அவ்வளவே. மரத்தை நெருங்கும் வேலையை உங்கள் மூத்தவரோடு திட்டமிடுங்கள்.

எல்லோரும் ஒரே ஆழத்துக்குப் போவதில்லை. 1959இல் ஸ்டான்ஃபோர்டில் இதை அளக்க ஒரு அளவுகோலே உண்டாக்கினார்கள். பெரும்பாலோர் நடுவில்தான் நிற்கிறார்கள். சிகிச்சைக்கு அது தாராளம். பிரமைகளும் மாயக்குரல்களும் உள்ளவர்களிடம் இதைத் தொடாதீர்கள். விழுந்த அன்று என்ன நடந்தது என்று தோண்டி எடுக்கவும் இதைப் பயன்படுத்தாதீர்கள். ஹிப்னாடிசத்தில் வருகிற நினைவு பளிச்சென்று இருக்கும், நடந்ததாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முற்பிறவிக்குக் கூட்டிப்போகிறவர்களின் பிழைப்பு இந்தப் பளிச்சில்தான் ஓடுகிறது.

பதிவு அனுப்பலாம். அறையில் இரண்டு மூன்று தடவை ஒழுங்காக நடந்த பிறகு, அதே வார்த்தைகளில், பத்து நிமிடத்துக்குள் பேசுங்கள். கடைசியில் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணி விழிக்கவைக்கும் பகுதி கட்டாயம் இருக்க வேண்டும். வண்டி ஓட்டும்போது காதில் மாட்டிக் கேட்கக் கூடாது என்று நேரிலும் சொல்லிவிடுங்கள். யாருக்கும் ஃபார்வர்டு செய்ய வேண்டாம் என்றும் சொல்லுங்கள், எப்படியும் செய்வார். மைத்துனர் முதுகுவலிக்கு உங்களைத் தேடி வந்தால் முதலில் எலும்பு டாக்டரிடம் அனுப்புங்கள்.