விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றுமில்லை

வீட்டிலேயே அசெம்பிள் செய்த புதுக் கணினியில் டிஸ்ப்ளே வரவில்லை என்று வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். எல்லாப் பதில்களுக்கும் பொதுவாக ஒன்று: கேபினெட்டுக்குள் கை வைக்கும் முன் பவர் சப்ளையின் பின்புற ஸ்விட்சை அணைத்து, மின்வயரை உருவிவிடுங்கள். பிறகு பவர் பட்டனைச் சில வினாடி அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரமும் வடிந்துவிடும். பெயின்ட் பூசாத உலோகப் பகுதி ஒன்றைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

கேள்வி: ரைசன் 5 5600, பி550 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் இரண்டு, தனி கிராபிக்ஸ் கார்டு. ஆன் செய்தால் எல்லா விசிறிகளும் சுற்றுகின்றன, விளக்குகள் எரிகின்றன. மானிட்டரில் ‘நோ சிக்னல்’ மட்டும்தான். இன்னும் விண்டோஸ் போடவில்லை. அதுதான் காரணமா? அல்லது ரேம் பழுதா? திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: விண்டோஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சேமிப்பகமான எஸ்எஸ்டியே மாட்டாவிட்டாலும், போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸின் திரை வர வேண்டும். பாகங்களைத் திருப்பிக் கொடுக்கும் யோசனையைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். புது அசெம்பிளியில் டிஸ்ப்ளே வராததற்குப் பழுதான பாகத்தைவிட, சரியாக உட்காராத பாகமோ இடம் மாறிய கேபிளோதான் பெரும்பாலும் காரணம்.

முதலில் மானிட்டர் கேபிள் எங்கே போகிறது என்று பாருங்கள். உங்கள் ரைசன் 5600 சிபியுவில் (செயலியில்) உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. மதர்போர்டின் பின்புறம் எச்டிஎம்ஐ துளை இருந்தாலும் அதில் படம் வரவே வராது. கேபினெட்டின் பின்பக்கத்தில் சற்றுக் கீழே, கிராபிக்ஸ் கார்டில் இருக்கும் துளையில்தான் மாட்ட வேண்டும். 12400எஃப் போல எண்ணின் கடைசியில் எஃப் என்று வரும் இன்டெல் சிபியுக்களுக்கும் இதே கதைதான். கேபிள் சரியான இடத்தில் இருந்தால், மானிட்டர் மெனுவில் இன்புட்டை நீங்களே தேர்ந்தெடுங்கள். ஆட்டோவில் விட்டால் சில மானிட்டர்கள் வேறு துளையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். டிஸ்ப்ளே போர்ட்டில் வரவில்லை என்றால் எச்டிஎம்ஐ கேபிளிலும் ஒருமுறை முயலுங்கள்.

அடுத்து, கீபோர்டில் நம்லாக் விசையை அழுத்துங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கணினி தன் தொடக்கச் சோதனையைத் தாண்டிவிட்டது என்று பொருள். அப்படியானால் தவறு கேபிள், மானிட்டர், கார்டு இந்த மூன்றுக்குள்தான் இருக்கும். விளக்கு அசையவே இல்லை என்றால் உள்ளே பார்க்க வேண்டும்.

உள்ளே முதல் இடம், போர்டின் மேல் இடது மூலையில் இருக்கும் 8 பின் சிபியு பவர். இதை மாட்டாவிட்டாலும் 24 பின் கேபிளின் மின்சாரத்தில் விசிறிகளும் விளக்குகளும் உயிர்பெற்றுவிடும். பலரும் ஏமாறுவது இங்கேதான். கிராபிக்ஸ் கார்டுக்கான கேபிளிலும் 8 பின் இருக்கிறது, ஆனால் அது 6+2 ஆகப் பிரியும். சிபியுவுக்கானது 4+4 ஆகப் பிரியும். பல கேபிள்களின் தலையில் எதற்கானது என்று அச்சிட்டிருப்பார்கள், படித்துவிட்டு மாட்டுங்கள். கிராபிக்ஸ் கார்டில் பவர் துளை இருந்தால் அதுவும் முழுமையாக உள்ளே போயிருக்க வேண்டும்.

பிறகு ரேம். இரண்டு ரேம் என்றால் சிபியுவிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட். போர்டில் ஏ2, பி2 என்று எழுதியிருக்கும். ஒன்றுதான் என்றால் ஏ2. ரேமை உட்காரவைப்பதில் பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். இப்போதைய போர்டுகள் பலவற்றில் ஒரு பக்கம் மட்டுமே கொக்கி இருக்கிறது. கொக்கி இல்லாத பக்கத்தை முதலில் அழுத்தி இறக்குங்கள், பிறகு கொக்கிப் பக்கத்தை. ‘டக்’ என்று சத்தம் கேட்டு, கொக்கி தானாக எழுந்து ரேமின் வெட்டைப் பிடிக்க வேண்டும். நீங்கள் கையால் கொக்கியை மூடினால் அது உட்கார்ந்ததாகாது. பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். ரேமின் தங்கநிறப் பற்கள் ஒரு முனையில் மட்டும் மெல்லிய கோடாக வெளியே தெரிந்தால் அந்த முனை இன்னும் இறங்கவில்லை.

இத்தனைக்குப் பிறகும் வரவில்லை என்றால் போர்டின் விளக்குகளைப் பாருங்கள். பல போர்டுகளில் 24 பின் துளைக்குப் பக்கத்தில் சிபியு, டிரேம் (ரேம்), விஜிஏ (கிராபிக்ஸ் கார்டு), பூட் என நான்கு சிறு விளக்குகள் இருக்கும். சோதனை நகர நகர அவை மாறி மாறி எரியும், எதில் நிற்கிறதோ அங்கேதான் சிக்கல். பூட் விளக்கில் நின்றால் கவலை வேண்டாம், விண்டோஸ் இல்லாத கணினியில் அது இயல்பு. இந்த விளக்குகள் இல்லாத போர்டு என்றால், நான்கு பின் ஸ்பீக்கர் துளையில் மாட்டும் சிறிய பீப் ஸ்பீக்கர் ஒன்றை வாங்கிப் போடுங்கள். ரேமை முழுக்கக் கழற்றிவிட்டு ஆன் செய்யும்போது அது கத்தினால் சிபியுவும் போர்டும் வேலை செய்கின்றன என்று எடுத்துக்கொள்ளலாம். சிறிய பொருள்தான், ஆனால் ஊகத்தில் பாகம் மாற்றுவதைவிட எவ்வளவோ மேல்.

கேள்வி: ரைசன் 7 7700, ஏஎம்5 போர்டு, டிடிஆர்5 ரேம் 32 ஜிபி. டிரேம் விளக்கு மட்டும் எரிகிறது. இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு அணைத்து, மறுபடி ஆன் செய்கிறேன். ரேமைக் கழற்றி மாற்றியும் மாட்டிவிட்டேன். திரும்பத் திரும்ப இதேதான்.

பதில்: அணைக்காதீர்கள். அதுதான் மருந்து. புது ரேமை முதல்முறை பார்க்கும்போது போர்டு ‘மெமரி டிரெய்னிங்’ செய்கிறது. சிபியுவுக்கும் ரேமுக்கும் இடையே ஓடும் ஒவ்வொரு கம்பித்தடத்திலும் சமிக்ஞை எந்த நேரத்தில், எந்த மின்னழுத்தத்தில் பிழையின்றிப் போய்ச் சேர்கிறது என்று சோதித்துப் பொருத்திக்கொள்ளும் வேலை அது. டிடிஆர்5-இன் வேகத்தில் இந்தப் பொருத்தம் மிக நுணுக்கமானது. ஆகவே முதல்முறை பல நிமிடங்கள் ஆகும், சில நேரம் 10 நிமிடத்தைத் தாண்டும். ரேம் அளவு கூடினாலும் நான்கு ஸ்லாட்டும் நிரம்பியிருந்தாலும் இன்னும் நீளும். நடுவில் கணினி தானாக அணைந்து எழலாம், அதுவும் இயல்பு. நீங்கள் இடையில் அணைக்கும்போதும், ரேமை இடம் மாற்றும்போதும் அது முதலிலிருந்து தொடங்குகிறது.

ஆன் செய்துவிட்டு 20 நிமிடம் தொடாமல் விடுங்கள். அதன் பிறகும் டிரேம் விளக்கு அப்படியே நின்றால் ஒரே ஒரு ரேமை ஏ2-வில் போட்டு அதே 20 நிமிடம் கொடுங்கள். வரவில்லை என்றால் அடுத்த ரேமை அதே ஸ்லாட்டில். ஒன்றில் வந்து மற்றொன்றில் வராவிட்டால் ரேம் பழுது. இரண்டிலுமே வராவிட்டால் சிபியு கூலரின் ஸ்குருக்களைச் சற்றுத் தளர்த்திச் சமமாக முடுக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் அதிக அழுத்தம் விழுந்தால் சிபியு சாக்கெட்டில் சில பின்கள் சரியாகத் தொடாமல், ரேமே தெரியாமல் போவதுண்டு.

கேள்வி: பவர் பட்டனை அழுத்தினால் விசிறி அரைச் சுற்று சுற்றி நின்றுவிடுகிறது. பவர் சப்ளை போய்விட்டதா?

பதில்: இருக்கலாம். ஆனால் இந்த அறிகுறி பெரும்பாலும் எங்கோ ஷார்ட் ஆகிறது, பவர் சப்ளை தன்னைக் காத்துக்கொள்ள நிற்கிறது என்பதைச் சொல்கிறது. மதர்போர்டைக் கேபினெட்டில் தாங்கும் பித்தளை ஸ்டாண்ட்ஆஃப்களை எண்ணுங்கள். போர்டில் துளை இல்லாத இடத்தில் ஒன்று மிஞ்சி நின்றால் அது போர்டின் அடிப்புற ஈயப் புள்ளிகளைத் தொட்டுக்கொண்டிருக்கும். கீழே விழுந்து மாட்டிக்கொண்ட ஸ்குரு ஒன்றுகூடப் போதும்.

சந்தேகம் தீர, போர்டை வெளியே எடுத்து அதன் அட்டைப்பெட்டியின் மேல் வையுங்கள். போர்டு வந்த பளபளக்கும் பையின் மேல் வேண்டாம், அதன் மேற்பரப்பு மின்சாரத்தைக் கடத்தும். சிபியு, கூலர், ஒரு ரேம், 24 பின், 8 பின் மட்டும் மாட்டுங்கள். சிபியுவில் கிராபிக்ஸ் இல்லை என்றால் மட்டும் கார்டு. போர்டின் கையேட்டில் முன்பக்கப் பேனல் படத்தைப் பார்த்து, பவர் ஸ்விட்சுக்கான இரண்டு பின்களை ஸ்குரூடிரைவர் நுனியால் ஒரு கணம் சேர்த்துத் தொடுங்கள். அதுவே ஆன் செய்வதற்குச் சமம். இங்கே டிஸ்ப்ளே வந்தால் பாகங்கள் நன்றாக இருக்கின்றன, கோளாறு கேபினெட்டில்தான். ஒவ்வொன்றாகச் சேர்த்து, சேர்க்கும் ஒவ்வொரு முறையும் ஆன் செய்து பாருங்கள்.

முக்கியமாக ஒன்று. கழற்றி மாட்டும் கேபிள்கள் கொண்ட பவர் சப்ளை என்றால், பழைய பவர் சப்ளையின் கேபிள் எதையாவது எடுத்துப் பயன்படுத்தினீர்களா? கேபிளில் பவர் சப்ளைப் பக்கத்து முனையின் பின்களுடைய வரிசைக்குப் பொதுவான தரநிலை கிடையாது. துளையில் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் 12 வோல்ட் போகக் கூடாத இடத்துக்குப் போய் எஸ்எஸ்டியையோ போர்டையோ எரித்துவிடும். ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்கிடையிலும் இது மாறலாம்.

கேள்வி: 24 பின் கேபிளின் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் கிளிப்பால் இணைத்துப் பவர் சப்ளையைச் சோதித்தேன், விசிறி சுற்றியது. அப்படியானால் அது நல்ல நிலையில்தானே இருக்கிறது?

பதில்: ஆன் ஆகிறது என்பது மட்டும் தெரிந்தது. சுமை ஏறும்போது 12 வோல்ட் நிலைத்து நிற்கிறதா என்று அந்தச் சோதனை சொல்லாது. வேறொரு நல்ல பவர் சப்ளையை அதன் சொந்தக் கேபிள்களோடு மாட்டிப் பார்ப்பதுதான் உறுதியான வழி.

கேள்வி: பி660 போர்டில் ஐ5-14400எஃப் மாட்டினேன். சாக்கெட் பொருந்துகிறது. சிபியு விளக்கு எரிந்தபடியே நிற்கிறது.

பதில்: சாக்கெட் பொருந்தினாலும் பயாஸுக்கு அந்தச் சிபியுவைத் தெரிந்திருக்க வேண்டும். பி660 போர்டுகள் 12ஆம் தலைமுறையோடு வந்தவை. தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்கான சிபியு பட்டியலைத் திறந்தால், எந்தப் பயாஸ் பதிப்பிலிருந்து 14400எஃப் இயங்கும் என்று இருக்கும். போர்டின் பின்புறம் பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் இருந்தால் சிபியு இயங்காமலே புதுப்பிக்கலாம். பென்டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்து, பயாஸ் கோப்பைக் கையேடு சொல்லும் பெயருக்கு மாற்றிப் போடுங்கள். பெயர் ஓர் எழுத்து தவறினாலும் போர்டு கண்டுகொள்ளாது. குறித்த யூஎஸ்பி துளையில் மாட்டி, 24 பின், 8 பின் இணைப்போடு பட்டனை அழுத்துங்கள். விளக்கு மின்னத் தொடங்கும். அது நிற்கும்வரை, பல நிமிடமானாலும், மின்சாரத்தைத் துண்டிக்காதீர்கள். பட்டன் இல்லாத போர்டுக்குப் பழைய தலைமுறைச் சிபியு ஒன்றைத் தற்காலிகமாக மாட்டிப் புதுப்பிக்க வேண்டும்.

பயாஸ் ஏற்கெனவே புதியதாக இருந்தால் சிபியுவை எடுத்துவிட்டுச் சாக்கெட்டைப் பாருங்கள். 1,700 பின்கள் உண்டு. செல்பேசி டார்ச்சைச் சாய்வாகப் பிடித்தால் அத்தனை நுனிகளும் ஒரே வரிசையாக மின்னும், வளைந்த பின் அந்த வரிசையை உடைத்துத் தனியாகத் தெரியும். விரலால் தொடாதீர்கள்.

கேள்வி: டிஸ்ப்ளே நன்றாக வந்தது. டிடிஆர்4 3600 ரேமுக்கு எக்ஸ்எம்பி ஆன் செய்து சேமித்தேன். அதிலிருந்து கறுப்புத் திரைதான்.

பதில்: எக்ஸ்எம்பி என்பது ரேமை அதன் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓடவைக்கும் பயாஸ் அமைப்பு. அந்த வேகத்தில் ரேம் நிலைபெறவில்லை, அவ்வளவுதான். எதுவும் கெடவில்லை. சில போர்டுகள் மூன்று நான்கு முறை முயன்று தோற்ற பிறகு தாமாகவே பழைய அமைப்புக்குத் திரும்பும். திரும்பாவிட்டால் சிமாஸை, அதாவது பயாஸ் அமைப்புகள் சேமித்திருக்கும் நினைவகத்தை, அழிக்க வேண்டும். மின்வயரை உருவிவிட்டு, கிளியர் சிமாஸ் பின்கள் இரண்டையும் ஸ்குரூடிரைவரால் 10 வினாடி சேர்த்துப் பிடியுங்கள். பின்கள் கைக்கு எட்டாவிட்டால் சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி 5 நிமிடம் கழித்துப் போடுங்கள். அடுத்த முறை எக்ஸ்எம்பியை ஆன் செய்து, வேகத்தை மட்டும் 3200-க்குக் குறைத்துச் சேமியுங்கள். தனித்தனியாக வாங்கிய ரேம்களைச் சேர்த்துப் போட்டிருந்தால் 3600 கிடைப்பது சந்தேகம்தான். ஒரே பெட்டியில் ஜோடியாக வந்த ரேம்தான் அந்த வேகத்துக்குச் சேர்ந்து சோதிக்கப்பட்டது.