ஹைட்ரஜன் கார் வரும்வரை காத்திருக்கலாமா?

கேள்வி: என் பெட்ரோல் காருக்கு 11 வயதாகிறது. தினமும் 40 கி.மீ. ஓட்டுகிறேன். இப்போது மின்சார கார் வாங்கினால், நாலைந்து வருடத்தில் ஹைட்ரஜன் கார் வந்து இதை மதிப்பில்லாமல் செய்துவிடும் என்கிறார்கள். பொறுத்திருக்கலாமா?

பதில்: வேண்டாம். ஹைட்ரஜனை மின்சாரமாக்கி ஓடும் எரிபொருள் கல (ஃபியூல் செல்) கார் புதிதாக வரவேண்டியது அல்ல. டொயோட்டாவின் மிராய் 2014 டிசம்பரிலேயே ஜப்பானில் விற்பனைக்கு வந்துவிட்டது. அதை நம்பி வாங்கிய கலிஃபோர்னியாக்காரர்கள் படும் பாட்டைப் பாருங்கள். ஒரு கிலோ ஹைட்ரஜன் 2023-ல் சில நிரப்பு நிலையங்களில் 36 டாலரைத் தொட்டது. ஒரு கிலோவுக்குக் கார் ஓடுவது ஏறக்குறைய 100 கி.மீ. 2024-ல் ஷெல் நிறுவனம் அங்கே கார்களுக்கான தன் ஹைட்ரஜன் நிரப்பு நிலையங்களை மூடிவிட்டது. கார் நன்றாகத்தான் இருக்கிறது, நிரப்பத்தான் இடமில்லை.

விலை ஏன் இறங்க மறுக்கிறது? தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 முதல் 55 யூனிட் மின்சாரம் வேண்டும். அதைக் கார் டயர் காற்றைப் போல 300 மடங்கு அழுத்தத்துக்கு, அதாவது 700 பாருக்கு, ஏற்ற இன்னும் சில யூனிட். அந்தக் கிலோவில் இருப்பது 33 யூனிட் ஆற்றல். எரிபொருள் கலம் அதிலிருந்து மின்சாரமாகத் திருப்பித் தருவது 16 முதல் 19 யூனிட். இப்படி மொத்தம் செலவாகும் ஏறக்குறைய 60 யூனிட்டை நேரே பேட்டரியில் ஏற்றினால் கார் 300 கி.மீ. ஓடும். தொழில்நுட்பம் முன்னேறினாலும் இந்த இடைவெளி முழுதாக அடைபடாது. வாயுவின் தூய்மையும் செலவுதான்: ஒரு கோடி பங்கில் 2 பங்குக்கு மேல் கார்பன் மோனாக்சைடு இருந்தால், அது கலத்துக்குள் வினையைத் தூண்டும் பிளாட்டினத்தில் ஒட்டிக்கொண்டு கலத்தின் திறனைக் குறைத்துவிடும். விலை குறைந்த ஹைட்ரஜனோ இயற்கை எரிவாயுவிலிருந்து வருவது. கிலோவுக்கு 9, 10 கிலோ கரியமில வாயுவை வெளியேற்றுகிறது.

உரம், எஃகு ஆலை, நெடுந்தூர லாரி என்று ஹைட்ரஜனுக்கு வேறு இடம் உண்டு. சென்னை ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் 2025-ல் ஹைட்ரஜன் ரயில் பெட்டியைச் சோதித்ததும் அந்த வழியில்தான். 40 கி.மீ. போய்வர அது தேவையில்லை. பேட்டரிக்கு 8 வருட உத்தரவாதம் இருக்கிறதா என்று பாருங்கள். விளம்பரத்தில் சொல்லும் தூரத்தில் 70 சதவீதத்தையே கணக்கில் வையுங்கள்.

கேள்வி: பானெட்டுக்குள் பொருத்தும் ‘தண்ணீர் ஹைட்ரஜன் கிட்’ மைலேஜைக் கூட்டும் என்கிறார்களே?

பதில்: கூட்டாது. இந்த கிட் காரின் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து, வரும் வாயுவை எஞ்சினுக்குள் விடுகிறது. 12 வோல்ட்டில் 20 ஆம்ப் இழுக்கும் கிட் என்றால் 240 வாட். அதை உண்டாக்க ஆல்டர்னேட்டர் (எஞ்சின் சுற்றும்போது மின்சாரம் தரும் கருவி) எஞ்சினிடமிருந்து 400 வாட் போல எடுக்கும். வரும் வாயுவை எரித்து எஞ்சின் திரும்பப் பெறுவது 40 வாட்டுக்குப் பக்கம். பத்து ரூபாய் கொடுத்து ஒரு ரூபாய் வாங்குகிற கணக்கு. கிட்டின் தண்ணீரில் கலக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம் கசிந்தால் அலுமினிய பாகங்களை அரிக்கும். கார் உத்தரவாதமும் போகலாம்.

கேள்வி: புது மின்சார காரின் சார்ஜர், வீட்டு 15 ஆம்ப் பிளக்கில் மாட்டினால் சிவப்பு விளக்கு எரிந்து நின்றுவிடுகிறது. மழைக்காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. சார்ஜர் பழுதா?

பதில்: மழையில் சரியாகி வெயிலில் கெடுகிறது என்றால், சார்ஜரை விட எர்த் குழி மீதே சந்தேகம். எர்த் சரியில்லை என்று கண்டால் சார்ஜர் பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடும். கோடையில் குழி காய்ந்தால் மண்ணின் மின்தடை ஏறும். எலக்ட்ரீஷியனை வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே வோல்ட்டேஜ் அளக்கச் சொல்லுங்கள். சார்ஜ் ஏறும்போது 5 வோல்ட்டைத் தாண்டினால் கோளாறு எர்த்திலோ, தளர்ந்த நியூட்ரல் இணைப்பிலோ இருக்கிறது. குழியில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அதற்குச் சரியானால் புது எர்த் போடுவதே வழி.

பிளக் சூடாகிறதா என்றும் தொட்டுப் பாருங்கள். இந்த சார்ஜர் 3.3 கிலோவாட்டை எட்டு, பத்து மணி நேரம் தொடர்ந்து இழுக்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் அதைத் தாங்காது, உருகும். மீட்டர் போர்டிலிருந்து தனியாக 4 சதுர மி.மீ. காப்பர் ஒயர், 20 ஆம்ப் எம்.சி.பி. (சுமை மீறினால் துண்டிக்கும் சுவிட்ச்), 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) போடுங்கள். இன்வெர்ட்டர் லைனில் மட்டும் சேர்த்துவிடாதீர்கள். கரண்ட் போன நொடியில் மொத்தச் சுமையும் இன்வெர்ட்டர் தலையில் விழும்.