யாரு பாவம்? – கதைகளின் நீதி பற்றிக் கேள்வி பதில்

மண்டபம் பக்கத்துத் தொடக்கப் பள்ளிகளில் 30 வருடம் பிள்ளைகளுக்குக் கதை சொன்னவன் நான். பழைய கதைகளும் அவற்றின் நீதியும் பற்றி நீங்கள் கேட்டவற்றில் எனக்குத் தெரிந்தவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

தேவிபட்டினம்: நீதிக்கதை சொன்னால் பிள்ளை திருந்துமா?

பிள்ளை கதையில் யார் பக்கம் நின்று கேட்கிறது என்று முதலில் பாருங்கள். மழையில் நனைந்த குரங்குக்குத் தூக்கணாங்குருவி புத்தி சொன்னது, குரங்கு கோபத்தில் கூட்டையே பிய்த்துப் போட்டது. இதைப் பாடும் விவேக சிந்தாமணி, ஈனருக்கு அறிவு சொன்னால் இடர்தான் வரும் என்று முடிக்கிறது. நானும் பல வருடம் அப்படித்தான் முடித்தேன். ஒரு ஐப்பசி அடைமழையில் மூன்றாம் வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னேன். ஒழுகுகிற ஓலை வீட்டிலிருந்து ஈரச் சட்டையோடு வந்திருந்த பையன் எழுந்தான். "கூட்டுல இடம் இல்லேன்னா வாயையாவது மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல சார், அதுவே நனைஞ்சுக்கிட்டு இருக்கு" என்றான். அவன் சட்டை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகு அந்தக் கதைக்கு நான் நீதி சொன்னதே இல்லை.

கதை முடிந்ததும் "இதிலிருந்து என்ன தெரியுது?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். "யாரு பாவம்?" என்று கேளுங்கள். பிள்ளை பேச ஆரம்பித்துவிடும்.

உச்சிப்புளி: பாட்டி வடை சுட்ட கதையின் நீதி என்ன?

வடையைப் பறிகொடுத்த பாட்டியை யாருமே நினைப்பதில்லை. உங்கள் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்.

திருப்புல்லாணி: சேது கட்ட அணில் உதவிய கதை ராமாயணத்தில் எங்கே வருகிறது?

வால்மீகியில் இல்லை. தமிழில் தொண்டரடிப்பொடி ஆழ்வாரின் திருமாலையில், 27-ஆம் பாசுரத்தில் வருகிறது. குரங்குகள் மலைகளைத் தள்ளிக்கொண்டு வர, அணில் தண்ணீரில் முழுகிப் புரண்டு ஓடிக் கடலை அடைக்கப் பார்க்கிறது. ராமர் தடவியதும் முதுகில் கோடு விழுந்ததும் அந்தப் பாட்டில் இல்லை. 'சிறு உதவியும் பெரிது' என்று நாம் வகுப்பில் சொல்லும் நீதியும் இல்லை. ஆழ்வார் அதைச் 'சலமிலா அணில்' என்கிறார், அதாவது வஞ்சனை அறியாத அணில். அதைப் போல நான் இல்லையே, என் நெஞ்சு மரம் மாதிரி இறுகிக் கிடக்கிறதே என்று வருந்துகிறார். எனக்கு அந்த அணில்தான் பிடிக்கும்.

பாம்பன்: அப்படியானால் எங்கள் அப்பத்தா சொன்ன முதுகுக் கோடு பொய்யா? இந்தக் கரையில் பிறந்துவிட்டு இப்படிச் சொல்லலாமா?

பொய் என்று நான் சொல்லவில்லை ஐயா. பாட்டில் இல்லாததை ஊர் சேர்த்துக்கொண்டது. சின்ன உயிரின் உழைப்புக்கு ஒரு கை தடவிக் கொடுத்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர்களில் உங்கள் அப்பத்தாவும் ஒருவர். அந்த ஆசை பெரிய விஷயம். பிள்ளையைச் சேதுக்கரைக்கு ஒருநாள் கூட்டிப் போங்கள். ஈரக் கையை மணலில் புரட்டி அலையில் உதறச் சொல்லுங்கள். எத்தனை மணல் ஒட்டியது என்று அவனே பார்க்கட்டும்.

தங்கச்சிமடம்: டெல்லியில் அணிலுக்கு 5 கோடு இருக்கிறதே, அப்போது கதை?

அது வேறு இனம். நம் பக்கத்து அணிலுக்கு 3 கோடு, வடக்கே 5 கோடு. கோட்டை எண்ணிக் கதையைச் சோதிக்க வேண்டாம். அணிலைப் பற்றி இன்னும் பலர் எழுதியிருக்கிறீர்கள், பாதிப் பேர் ஒருவரோடு ஒருவர் சண்டை. அணிலை இத்தோடு விட்டுவிடுவோம்.

பரமக்குடி: பஞ்சதந்திரம் பிள்ளைகளுக்கு நல்லதா?

நல்லது, ஆனால் அது அரசகுமாரர்களுக்குப் பிழைக்கும் வழி சொன்ன நூல். முதல் தந்திரத்தில் சிங்கத்தையும் காளையையும் மோதவிட்ட நரி தண்டனையே இல்லாமல் மந்திரியாகிறது. அந்த இடத்தில் பிள்ளை "ஏன்?" என்று கேட்டால் அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீர்கள்.

தொண்டி: சிங்கமும் எலியும் கதையின் நீதி?

ஏர்வாடி: ஆமை முயல் கதையின் நீதி?

முதுகுளத்தூர்: விறகுவெட்டியும் தேவதையும், நீதி சுருக்கமாக?

மூவருக்கும் தேவிபட்டினத்துக்குச் சொன்னதே பதில். நீதியை ஒரு வரியில் கொடுத்துவிட்டால் பிள்ளைக்கு அந்த வரி மட்டும்தான் மிஞ்சும், கதை போய்விடும்.

மண்டபம்: ஆவுளியாதான் (கடல்பசு) கடல்கன்னியா?

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டல மையம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது, அங்கே கேளுங்கள்.

கீழக்கரை: என் ராத்தா (அக்கா) மௌத்தான (இறந்த) பிறகு மச்சானை நிக்காஹ் செய்தேன். ராத்தாவின் மகளுக்கு 7 வயது. ஸ்னோ ஒயிட் கதை கேட்டுவிட்டு, "சாச்சி, நீங்களும் விஷ ஆப்பிள் தருவீங்களா?" என்கிறாள்.

தங்கச்சி, இதற்குத்தான் நிதானமாக எழுத வேண்டும் என்று கடைசியில் வைத்தேன். கிரிம் சகோதரர்கள் 1812-இல் அச்சிட்டபோது அந்த ராணி ஸ்னோ ஒயிட்டைப் பெற்ற தாய். 1819 பதிப்பில்தான் அவளைச் சிற்றன்னை ஆக்கினார்கள். ஹான்சலும் கிரெட்டலும் கதையிலும் முதலில் பெற்ற தாய்தான், பின்னால் 1840 பதிப்பில் சிற்றன்னை ஆனாள். பெற்ற தாயை அப்படிக் காட்ட மனம் வராமல், அவள் இடத்தில் உங்களைப் போன்ற ஒருத்தியை நிறுத்திவிட்டார்கள். பழி உங்களுடையதல்ல.

ஆனால் இதைக் குழந்தையிடம் விளக்க வேண்டாம். "நான் அப்படி இல்லை" என்று சத்தியமும் செய்ய வேண்டாம். இன்று ராத்திரி அவளையே அந்தக் கதையை உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். நடுவில் திருத்தாதீர்கள். ஆப்பிள் வரும் இடத்தில் அவள் உங்கள் மடியில் இருக்கட்டும். ராணிக்கு என்ன ஆக வேண்டும் என்று அவளே முடிவு செய்யட்டும். அவள் எப்படி முடித்தாள் என்று எனக்கு எழுதுங்கள்.